முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மாவட்ட கோர்ட்: சிவில் வழக்கு எங்கே தொடங்கி எங்கே போகிறது?

ஒரு நிலத்தகராறு பற்றிப் பேப்பரில் செய்தி வருகிறது. முன்சீப் கோர்ட்டில் வாதி ஜெயித்தார், சப் கோர்ட்டில் தோற்றார், இப்போது ஹைகோர்ட்டில் இரண்டாவது மேல்முறையீடு நடக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். படிக்கிறவருக்கு உடனே வரும் சந்தேகம், கீழே இரண்டு கோர்ட் சொன்னதற்கு என்னதான் மதிப்பு, நேராக ஹைகோர்ட்டுக்கே போயிருக்கலாமே என்பது. வீட்டுக்கு சம்மன் வந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரி கோர்ட் வளாகத்திலும் தன் வழக்கு எந்தக் கோர்ட்டில் நடக்கிறது என்றே தெரியாமல் வாய்தாவுக்கு வந்து போகிறவர்கள் நிறையப் பேர். வக்கீலுக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாத விஷயம் இது.

முதலில், சிவில் வழக்கு என்றால் எது

சொத்து யாருடையது, கொடுத்த கடன் திரும்ப வர வேண்டும், போட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டும், பாகம் பிரித்துத் தர வேண்டும், வழிப்பாதையை மறிக்கக்கூடாது. இப்படி ஒருவருடைய உரிமை பற்றிய வழக்குதான் சிவில் வழக்கு, அதாவது உரிமையியல் வழக்கு. இதில் போலீஸ் கைது கிடையாது, குற்றப்பத்திரிகை கிடையாது. வழக்குப் போடுகிறவர் வாதி, எதிர்த்தரப்பு பிரதிவாதி, கடைசியில் கிடைப்பது டிக்ரி என்கிற தீர்ப்பாணை. எல்லாம் நடப்பது 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி.

அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவு, வேறு சட்டம் தடுக்காத எல்லா சிவில் வழக்கையும் சிவில் கோர்ட் விசாரிக்கலாம் என்கிறது. ஆனால் தடுத்திருக்கும் சட்டங்கள் பல இருக்கின்றன. வங்கி, கடனுக்காக வீட்டை ஜப்தி செய்ய சர்ஃபாசி சட்டத்தில் நடவடிக்கை எடுத்தால் அதைக் கேட்கும் இடம் கடன் மீட்புத் தீர்ப்பாயம். விபத்து இழப்பீட்டுக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். விவாகரத்துக்குக் குடும்ப நீதிமன்றம். தமிழ்நாட்டில் வாடகைத் தகராறு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாடகை நீதிமன்றத்துக்குப் போகும்.

பட்டா விஷயத்தில்தான் ரொம்பப் பேர் சறுக்குகிறார்கள். பட்டா மாற்றத்துக்கு எதிரான அப்பீல் ஆர்.டி.ஓ. என்கிற வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதற்கு மேல் டி.ஆர்.ஓ. என்கிற மாவட்ட வருவாய் அலுவலரிடம். அது வருவாய்த்துறைப் பாதை. ஆனால் நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குத் தாசில்தாரோ ஆர்.டி.ஓ.வோ முடிவான பதில் சொல்ல முடியாது, அதைச் சொல்ல சிவில் கோர்ட்தான் வேண்டும். தாசில்தார் உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட்டில் ரிட் போட்டவர்களிடம், உரிமையே தகராறில் இருக்கிறது, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று ஹைகோர்ட் திருப்பி அனுப்புவது இதனால்தான். அதற்குள் இரண்டு மூன்று வருடம் போயிருக்கும்.

கீழிருந்து மேலே

தமிழ்நாட்டில் இந்தப் படிகளை அமைத்தது 1873-ஆம் ஆண்டு சிவில் நீதிமன்றங்கள் சட்டம். புதுச்சேரிக்கு 1966-ல் தனிச் சட்டம் வந்தது. அடுக்கு இரண்டிலும் ஒரே மாதிரிதான்.

1. மாவட்ட முன்சீப் நீதிமன்றம். பெயரில் மாவட்டம் இருந்தாலும் இதுதான் அடிப்படி. கடலூரில் மட்டுமல்ல, சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டி என்று தாலுகா ஊர்களில் இருப்பது. பழைய கிராம முன்சீப்புக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அந்தப் பதவி 1980-லேயே ஒழிக்கப்பட்டு வி.ஏ.ஓ. வந்துவிட்டார். வெளிமாநிலச் செய்திகளில் ஜூனியர் டிவிஷன் சிவில் நீதிபதி என்று வருவது நம் முன்சீப்புக்குச் சமமான பதவி.

2. சார்பு நீதிமன்றம், பேச்சில் சப் கோர்ட். பெரிய மதிப்புள்ள வழக்குகள் நேராக இங்கே தொடங்கும். முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் வரும் அப்பீலும் பொதுவாக இங்கேதான். ஆகவே ஒரே நீதிபதி காலையில் அப்பீல் கேட்டுவிட்டு மதியம் புது வழக்கில் சாட்சி விசாரிப்பார்.

3. மாவட்ட நீதிமன்றம். அதைவிடப் பெரிய மதிப்புள்ள வழக்குகளும், கீழிருந்து வரும் அப்பீல்களும். மாவட்டத்தின் மற்ற கோர்ட்டுகளுக்கு நிர்வாகத் தலைமையும் இதுதான்.

4. சென்னை உயர் நீதிமன்றம். கடலூரும் புதுச்சேரியும் சென்னைத் தலைமை அமர்வின் கீழ்தான். 2004-ல் தொடங்கிய மதுரைக் கிளைக்கு இவை போகாது.

5. உச்ச நீதிமன்றம். இங்கே போவது பெரும்பாலும் அரசமைப்பின் 136-வது பிரிவின்படி சிறப்பு அனுமதி கேட்டுத்தான். அனுமதி கிடைத்தால்தான் அப்பீலே.

இரண்டு விஷயம் இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முதன்மை மாவட்ட முன்சீப், கூடுதல் மாவட்ட முன்சீப் என்று பலகையில் பார்த்தால் ஒன்று மேல் ஒன்று கீழ் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் ஒரே படி, வழக்குச் சுமைக்காகப் பிரித்திருக்கிறார்கள். அப்புறம், பல ஊர்களில் ஒரே நீதிபதி முன்சீப்பாகவும் குற்றவியல் நடுவராகவும் இருப்பார். மாவட்ட நீதிபதிதான் கொலை வழக்கு விசாரிக்கும் செஷன்ஸ் நீதிபதியும். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருந்து சம்மன் வந்திருக்கிறது, ஜெயிலா என்று பயந்து ஓடிவருகிறவர்கள் உண்டு. காகிதத்தில் வாதி, பிரதிவாதி என்று இருந்தால் அது சிவில் வழக்கு. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சும்மா இருந்துவிடவும் கூடாது.

எந்தக் கோர்ட் என்பதை முடிவு செய்வது எது

நம் விருப்பமோ வக்கீலின் விருப்பமோ அல்ல. மூன்று கேள்விகள்.

1. விஷயம் என்ன? சிவில் கோர்ட் கேட்கக்கூடியதா என்பது மேலே சொன்னது.

2. இடம் எது? நிலம், வீடு பற்றிய வழக்கு அந்தச் சொத்து இருக்கும் இடத்துக் கோர்ட்டில்தான். நீங்கள் சென்னையில் குடியிருந்தாலும் பண்ருட்டி முந்திரித் தோப்புக்கு சென்னையில் வழக்குப் போட முடியாது. பணம், ஒப்பந்தம் போன்றவற்றுக்குப் பிரதிவாதி வசிக்கும் இடம், அல்லது வழக்குக்குக் காரணமான சம்பவம் நடந்த இடம்.

3. மதிப்பு எவ்வளவு? முன்சீப் கோர்ட்டுக்கு ஒரு பண வரம்பு, சப் கோர்ட்டுக்கு அதைவிடப் பெரிய வரம்பு, அதையும் தாண்டினால் மாவட்ட கோர்ட். இதில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 15-வது பிரிவு ஒரு கட்டளை போடுகிறது: விசாரிக்கத் தகுதியுள்ள கோர்ட்டுகளில் எது அடிப்படியோ அங்கேதான் வழக்கைத் தொடங்க வேண்டும். நேராக ஹைகோர்ட்டுக்குப் போகலாமே என்ற கேள்விக்கு விடை இதுதான். ஹைகோர்ட்டில் நேரடியாக சிவில் வழக்குத் தொடுக்கும் வசதி சென்னை நகர எல்லைக்குள் வரும் பெரிய வழக்குகளுக்கு மட்டும் உண்டு, கடலூர்க்காரருக்குக் கிடையாது.

மதிப்பு என்றதும் எல்லோரும் சந்தை விலையை நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணம் மற்றும் வழக்கு மதிப்பீட்டுச் சட்டம், 1955, எந்த மாதிரி வழக்குக்கு எப்படி மதிப்புப் போட வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்கிறது. ஒரு மனையை எடுத்துக்கொள்வோம், அதன் சந்தை மதிப்பு 40 லட்சம். அந்த மனை என்னுடையது, சுவாதீனத்தையும் (கைவசத்தையும்) மீட்டுத் தாருங்கள் என்று கேட்டால் முழு மதிப்பு கணக்கில் வரும். என்னுடையது என்று விளம்புகை செய்து, அதாவது கோர்ட் அறிவித்து, எதிர்த்தரப்பு உள்ளே வராமல் தடை மட்டும் போடுங்கள் என்றால் பாதி மதிப்பு. நான்கு பிள்ளைகளில் ஒருவர் தன் நாலில் ஒரு பாகத்தைக் கேட்டால் அந்தப் பாகத்தின் மதிப்பு. ஆக, ஒரே மனை, கேட்கும் பரிகாரத்தைப் பொறுத்து வெவ்வேறு படியில் தொடங்கலாம்.

கட்டணமும் இதோடு ஒட்டியது. தமிழ்நாட்டில் மதிப்பின்மேல் வாங்கும் கோர்ட் கட்டணம் 2017 வரை நூற்றுக்கு ஏழரை. அந்த ஆண்டு அது 3 சதவீதமாகக் குறைந்தது. 20 லட்ச ரூபாய்க் கடன் வசூல் வழக்கு என்றால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டிய இடத்தில் 60,000 ரூபாய். சாதாரணக் குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி, ஆனாலும் கட்டணத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்துக் காட்டும் பழக்கம் நிற்கவில்லை. அதில் ஆபத்து இருக்கிறது. எதிர்த்தரப்பு ஆட்சேபித்து அது சரி என்று முடிவானால், மீதிக் கட்டணம் கட்டச் சொல்வார்கள், அல்லது வரம்பு தாண்டுகிறது என்று பிராதையே, அதாவது வழக்கு மனுவையே, திருப்பிக் கொடுப்பார்கள். வேறு கோர்ட்டில் மறுபடி தாக்கல் செய்ய வேண்டும்.

இந்தப் பண வரம்புகளைச் சட்டமன்றம் அவ்வப்போது உயர்த்துகிறது. உயர்த்தும்போது மேல் படியில் இருக்கும் வழக்குகள் கீழ்ப் படிக்கு மாற்றப்படும், புது எண் கிடைக்கும். தோற்றுவிட்டோமா, கேஸைக் கீழே இறக்கிவிட்டார்களே என்று கேட்கிறார்கள். இல்லை, இது வெறும் இடமாற்றம். வழக்கு நின்ற கட்டத்திலிருந்தே தொடரும். பழைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பழைய கோர்ட் வாசலிலேயே காத்திருந்தால்தான் பிரச்சினை.

எல்லையின் இரண்டு பக்கமும் நிலம் இருந்தால்

கடலூரிலும் புதுச்சேரியிலும் இது அன்றாடக் கேள்வி. புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் கொஞ்சம் நஞ்சை, கடலூரின் ரெட்டிச்சாவடிப் பக்கம் கொஞ்சம் என்று ஒரே குடும்பத்துக்கு இரண்டு ஆட்சிப் பகுதியிலும் சொத்து இருக்கும். பாகப்பிரிவினைக்கு இரண்டு வழக்குப் போட வேண்டுமா? வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி சொத்தின் ஒரு பகுதி எந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே முழுச் சொத்துக்கும் ஒரே வழக்குப் போடலாம், மொத்த மதிப்பை விசாரிக்கும் தகுதி அந்தக் கோர்ட்டுக்கு இருந்தால் போதும். ஆனால் எங்கே போடுவது என்பதை யோசித்துச் செய்யுங்கள். புதுச்சேரிக்குத் தனிக் கோர்ட் கட்டணச் சட்டம் இருக்கிறது, பண வரம்பும் வேறு.

பொதுவாக ஒரு மாநிலத்து சிவில் வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு மாற்றுவதற்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை, இரண்டும் ஒரே உயர் நீதிமன்றத்தின் கீழ் இருப்பதால் சென்னையே போதும்.

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி வழக்கின் கடைசிப் படி பாரீஸில் இருந்தது. 1962-ல்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லை புதுச்சேரிக்கு நீண்டது. அதனால் ஒரு விசித்திரமும் உண்டு. கேரளத்துக்கு நடுவே இருக்கும் மாஹேயிலும் ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமிலும் தொடங்கும் வழக்கும் சென்னைக்குத்தான் வர வேண்டும். மாஹேக்குப் பக்கத்தில் இருக்கும் தலச்சேரிக்காரர் கொச்சிக்குப் போகும்போது மாஹேக்காரர் ராத்திரி ரயில் பிடித்துச் சென்னை வருகிறார். இன்னொன்று, 1881 ஆணையின்படி தங்கள் மதத்தின் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ரெனொன்சான் குடும்பங்கள் புதுச்சேரியில் உண்டு. வாரிசுரிமையில் அவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தும். சட்டம்தான் வேறு, ஏறும் படிகள் இதே படிகள்.

மேலே போனால் என்ன மாறுகிறது

மேல் கோர்ட்டுக்குப் போனால் எல்லாம் முதலிலிருந்து நடக்கும் என்ற நம்பிக்கைதான் பலரைக் கவிழ்க்கிறது.

சாட்சி சொல்வது, குறுக்கு விசாரணை, கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீதை எல்லாம் சான்றாவணமாகக் குறியிடுவது, கோர்ட் நியமிக்கும் கமிஷனர் போய் இடத்தைப் பார்த்து அறிக்கை தருவது. இத்தனையும் நடப்பது வழக்குத் தொடங்கிய கோர்ட்டில் மட்டும்தான். முதல் மேல்முறையீட்டு நீதிபதி அந்தக் கட்டைப் பிரித்துப் படித்து, கீழ் நீதிபதி சாட்சியத்தைச் சரியாக எடை போட்டாரா, சட்டத்தைச் சரியாகப் பொருத்தினாரா என்று முழுவதும் பார்ப்பார். மாற்றவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் புதிதாக ஒரு பத்திரத்தை நீட்ட வேண்டுமென்றால் தனி மனுப் போட்டு, ஏன் முன்பே தரவில்லை என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் காட்ட வேண்டும். பீரோவில் இருந்தது, கவனிக்கவில்லை என்றால் சுலபத்தில் எடுபடாது.

இரண்டாவது மேல்முறையீடு ஹைகோர்ட்டில். இங்கே கதவு இன்னும் குறுகல். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-வது பிரிவின்படி முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால் மட்டுமே ஏற்பார்கள். யார் நிலத்தில் பயிர் வைத்தார், எந்த சாட்சி சொன்னது உண்மை என்பதெல்லாம் அநேகமாக முதல் மேல்முறையீட்டோடு முடிந்துபோகிற விஷயம். 25,000 ரூபாய்க்கு மேற்படாத பண வசூல் வழக்கு என்றால் இரண்டாவது மேல்முறையீடே கிடையாது. வழக்கு மாவட்ட கோர்ட்டில் தொடங்கியிருந்தால் ஹைகோர்ட்டுக்குப் போவது முதல் மேல்முறையீடு, அப்போது உண்மைகளையும் அலசலாம். ஒரே ஹைகோர்ட், ஆனால் எந்தப் படியிலிருந்து வருகிறோம் என்பதைப் பொறுத்து அதன் கை நீளம் மாறுகிறது.

முன்சீப் கோர்ட்டில் தோற்றால் என்ன, மேலே பார்த்துக்கலாம் என்று சொல்கிறவர்கள் எப்போதும் உண்டு. நான் சொல்வேன், உங்கள் வழக்கின் மிகப் பெரிய கோர்ட் அந்தச் சின்ன முன்சீப் கோர்ட்தான். அங்கே சொல்லாத சாட்சியமும் காட்டாத காகிதமும் மேலே எங்கும் தானாக முளைக்காது. ஹைகோர்ட்டுக்குப் பெரிய வக்கீல் வைக்க நகையை அடகு வைக்கிற குடும்பங்கள், கீழே குறுக்கு விசாரணை நடந்த நாளில் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

சம்மனைப் படிப்பது எப்படி

அமீனா என்கிற கோர்ட் ஊழியரோ தபால்காரரோ கொண்டுவந்து கொடுக்கும் அந்தத் தாளில் எல்லாமே இருக்கிறது. மேல் வரியில் கோர்ட்டின் பெயர். அதன் கீழே வழக்கு எண், உதாரணத்துக்கு ஓ.எஸ். 210/2023. அடுத்து வாதி, பிரதிவாதி பெயர்கள், ஆஜராக வேண்டிய தேதி. கூடவே பிராதின் நகல் இணைத்திருக்க வேண்டும், அதன் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் இருக்கும், சர்வே எண்ணும் நான்கெல்லையும் உங்களுடையதுதானா என்று முதலில் அதைப் பாருங்கள்.

எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகள் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும்.

1. ஓ.எஸ்.: மூல வழக்கு, இங்கேதான் தொடங்கியிருக்கிறது.
2. ஐ.ஏ.: அந்த வழக்குக்குள் போட்ட இடைக்கால மனு. தடை உத்தரவு கேட்பது இதில்தான்.
3. ஏ.எஸ்.: முதல் மேல்முறையீடு.
4. எஸ்.ஏ.: ஹைகோர்ட்டில் இரண்டாவது மேல்முறையீடு.
5. சி.ஆர்.பி.: சீராய்வு மனு. தீர்ப்பை அல்ல, நடுவில் போட்ட ஏதோ ஒரு உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட் போயிருக்கிறார்கள்.
6. இ.பி.: டிக்ரியை நிறைவேற்றச் சொல்லும் மனு.

செய்தியில் கோர்ட் தடை விதித்தது என்று வந்தால் அது பெரும்பாலும் ஐ.ஏ. உத்தரவு. விசாரணை முடியும்வரை இருப்பதை இருக்கிறபடி வைக்கிற ஏற்பாடு, அவ்வளவுதான், யாரும் ஜெயித்துவிடவில்லை. பதினாறு எழுத்து, இலக்கம் கொண்ட சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த வாய்தா எப்போது என்று நீங்களே பார்க்கலாம்.

நாள் கணக்கு

சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாளில் எதிர்வழக்குரை, அதாவது பிரதிவாதியின் எழுத்துப் பதில், தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டி 90 நாள் வரை கேட்கலாம். ஆஜராகாமலே இருந்தால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிடும். அதை நீக்கக் கோரும் மனுவுக்கு 30 நாள்.

மாவட்ட கோர்ட்டுக்கோ சப் கோர்ட்டுக்கோ அப்பீல் என்றால் 30 நாள். ஹைகோர்ட்டுக்கு 90 நாள். அப்பீல் போட்டுவிட்டாலே கீழ்த் தீர்ப்பு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். தனியாக மனுப் போட்டு ஸ்டே வாங்காதவரை எதிர்த்தரப்பு இ.பி. போட்டு அமீனாவோடு வந்து சுவாதீனம் எடுக்கலாம், அதில் தவறே இல்லை. ஜெயித்தவருக்கும் கெடு உண்டு. சுவாதீனம், பணம் போன்ற டிக்ரியை 12 வருடத்துக்குள் நிறைவேற்றக் கேட்க வேண்டும்.

செலவுக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் இன, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் வக்கீல் வைத்துத் தருவார்கள். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் அந்த முடிவின்மேல் அப்பீல் கிடையாது, கையெழுத்துப் போடும் முன் நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

அப்பீல் போகும் எண்ணம் இருந்தால் தீர்ப்பு சொன்ன அன்றே தீர்ப்புக்கும் டிக்ரிக்கும் நகல் மனுப் போட்டுவிடுங்கள். நகல் தயாராக கோர்ட் எடுத்துக்கொள்ளும் நாட்கள் அந்த 30 நாள், 90 நாள் கணக்கில் சேராது. மனுவே போடாமல் வீட்டில் இருந்த நாட்கள் கணக்கில் சேரும்.